படிக்கும் பிள்ளையின் உணவு



கல்வியைப் பற்றிப் பேசப் புகும்போது நூல்களையும் ஆசிரியர்களையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் பற்றியே நாம் பெரிதும் பேசுகின்றோம். படிக்கின்ற பிள்ளை காலையில் என்ன உண்டது, இரவில் எத்தனை மணி நேரம் உறங்கியது என்று கேட்போர் மிகச் சிலர். ஊவா மாகாணத்துத் தோட்டங்களிலிருந்து உயர்கல்வியை நாடி வரும் பிள்ளைகளைப் பொறுத்தமட்டில் இக்கேள்வியைக் கேளாது விடுதல் பெருந்தீங்காய் முடியும். வகுப்பறையிலும், பின்னர் அதிபரின் மேசையருகிலும் இருந்து பல்லாண்டு கண்டதைக் கொண்டே இதனைக் கூறுகின்றேன்.

பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல, தெமோதரை ஆகிய பகுதிகளின் தோட்டங்களிலிருந்து உயர்தர வகுப்பில் கற்பதற்காகப் பதுளை நகருக்கு வரும் பிள்ளைகள் பலர். பதுளையிலே 2005ஆம் ஆண்டில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. பண்டாரவளைக்கு அணித்தாகிய பிந்துனுவெவவிலே கல்வியியற் கல்லூரி உண்டு. இவற்றை நாடி வருவோருள் ஒரு சாரார் விடியுமுன் எழுந்து பேருந்தேறி இருட்டிய பின்னர் வீடு திரும்புவோர். மற்றொரு சாரார் நகரிலே வாடகை அறையெடுத்து நால்வர் ஐவராய்க் கூடித் தங்குவோர். முன்னவர்க்கு உண்ண நேரமில்லை. பின்னவர்க்குச் சமைத்துக் கொடுப்பார் இல்லை. இரு சாராரும் ஒரே குறைக்கே ஆளாகின்றனர்.

தோட்டத்திலே வளர்ந்த பிள்ளைக்குத் தேகப்பயிற்சி என்று தனியாக ஒன்று வேண்டியதில்லை. லயத்திலிருந்து பாடசாலைக்கு ஒரு மலை இறங்கி மற்றொரு மலை ஏற வேண்டும். பீலியிலிருந்து நீர் சுமத்தல், விறகு பொறுக்குதல், கொழுந்து நிறுக்கும் இடத்திலுள்ள தாய்க்குச் சாப்பாடு கொண்டு செல்லுதல் ஆகிய யாவும் கால்களுக்கும் மூச்சுக்கும் உறுதி தருவன. லயத்தின் பின்புறத்திலே வல்லாரையோ பொன்னாங்காணியோ ஒரு பாத்தியிலே இருக்கும். பூசணிக்கொடி கூரையேறிக் கிடக்கும். வறுமை நிறைந்த வாழ்வுதான். அதனை அழகுபடுத்திக் கூற நான் முற்படவில்லை. ஆயினும் அவ்வாழ்வு நடையையும் கீரையையும் கேளாமலே கொடுத்தது. நகருக்கு வந்த பிள்ளை இவ்விரண்டையும் ஒரே நாளில் இழந்துவிடுகின்றது. காலை ஆறரை மணிக்குத் தொடங்கி மாலை மேலதிக வகுப்பு முடியும்வரை வாங்கிலே அமர்ந்திருக்கின்றது. தோட்டத்திலிருந்து அது கைவிடாது கொண்டுவருவன இரண்டு: ஒன்று கோதுமை மா ரொட்டி, மற்றொன்று சாயத்தண்ணீர். இவ்விரண்டையும் பற்றியே இன்று விரிவாகக் கூற விரும்புகின்றேன்.

காலைக் கூட்டத்திலே பிள்ளைகள் மயங்கி விழுவது எங்கள் பகுதிப் பாடசாலைகளில் புதுமையன்று. ஒரு முறை அவ்வாறு மயங்கிய மாணவி ஒருத்தியைத் திண்ணையிலே அமர்த்தி, “காலையில் என்ன சாப்பிட்டாய், பிள்ளை?” என்று கேட்டேன். “ஒன்னுமில்லீங்க சேர், தேத்தண்ணி மட்டும் குடிச்சேன்” என்றாள். “நேற்று இரவு?” என்றேன். “ரொட்டியும் தேத்தண்ணியுங்க” என்றாள். விஞ்ஞானப் பிரிவிலே முதல் வரிசையில் இருக்க வேண்டிய பிள்ளை அவள். காலை பத்து மணிக்குப் பின்னர் கரும்பலகை தெளிவாகத் தெரிவதில்லை என்று அவள் கூறியபோது, கண்ணாடி வாங்க வேண்டுமென்று வீட்டார் எண்ணியிருந்தனர்.

மனிதனுடைய மூளை உடலின் எடையிலே நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆயின் உடல் ஓய்ந்திருக்கும்போது செலவாகும் சக்தியிலே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கின்றது. இரவு எட்டு மணிக்கு உண்ட பிள்ளை மறுநாள் நண்பகல்வரை வெறும் வயிற்றோடு கணிதம் செய்யுமாயின், பதினாறு மணி நேர உண்ணா நோன்பிருந்து கணிதம் செய்கின்றது என்பதே பொருள். சீனியிட்ட சாயத்தண்ணீர் அரை மணி நேரம் தெம்பு தரும். பின்னர் முன்னிலும் அதிகமாகச் சோர்வு தோன்றும். ஆதலின் காலையுணவு எதுவாயினும் ஆகுக, அஃது இருக்க வேண்டும். பழைய சோற்றுக்குச் சின்ன வெங்காயமும் தயிரும் கிடைத்தால் அதனினும் எளிய நல்லுணவு வேறில்லை. நகரத்துத் தோழர் முன்னிலையிலே பழைய சோறு உண்ண நாணுகின்ற பிள்ளைகளை நான் அறிவேன். பாணுக்கும் பணிசுக்கும் இல்லாத பெருமை அதற்கு உண்டு என்பதைப் பெற்றோரே எடுத்துச் சொல்ல வேண்டும்.

ரொட்டியை நான் இகழவில்லை. ஆனால் அது நம் முன்னோர் உணவென்று சிலர் எண்ணுவது தவறு. தென்னிந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் அரிசியும் தினை, கேழ்வரகு போன்ற தானியங்களும் உண்டவர்களே. 1942ஆம் ஆண்டிலே பர்மா யப்பானியர் வசமான பின்னர் இந்நாட்டுக்கு வந்த அரிசி குன்றியது. பங்கீட்டு உணவிலே கோதுமை மா இடம்பெற்றது. மலையேறி வேலை செய்வோர்க்கு விரைவிலே சுட்டெடுக்கவும் கட்டிக்கொண்டு போகவும் ரொட்டி வாய்ப்பாயிருந்தமையால் அது நிலைத்துவிட்டது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்திலே அந்த மாவுக்கும் வழியின்றித் தோட்டங்களிலே மக்கள் பட்டினி கிடந்ததை மூத்தோர் மறந்திலர். ரொட்டியிலே மாப்பொருள் உண்டு. புரதமும் ஓரளவு உண்டு. மூன்று வேளையும் அதுவே உணவானால்தான் இடர். குரக்கன் மாவைப் பாதிக்குப் பாதி கலந்து சுட்டால் அதே ரொட்டி வேறு உணவாகிவிடுகின்றது. நம் மாகாணத்து மொனராகலைச் சேனைகளிலே விளையும் குரக்கனிலே, நூறு கிராமுக்கு ஏறக்குறைய 340 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. அதே எடையுள்ள பசும்பாலிலே இருப்பது 120 மில்லிகிராம் அளவே.

இது வெறும் சுவை பற்றிய பேச்சன்று. 2016ஆம் ஆண்டில் நாடெங்கும் நடைபெற்ற குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிலே வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதிகளிலே நூற்றுக்கு 32 பேர். அன்றைய குழந்தைகளிற் பலர் இன்று நம் இடைநிலை வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். குழவிப் பருவத்திலே இழந்த வளர்ச்சியை முழுவதும் மீட்க இயலாது. ஆயினும் பதின்ம வயதிலே உடல் மீண்டும் ஒருமுறை விரைந்து வளர்கின்றது. எலும்பும் தசையும் குருதியும் பெருகும் அக்காலத்திலேதான் பிள்ளை புத்தகச் சுமையோடு நகருக்கு வருகின்றது. அரசினர் பாடசாலை மதிய உணவுத் திட்டமோ ஆரம்ப வகுப்புகளை நோக்கியது. உயர்தர வகுப்புப் பிள்ளைக்கு அதிலே இடமில்லை.

இனித் தேநீருக்கு வருவோம். தேயிலையாலே வாழ்கின்ற நாம் தேயிலையைக் குறை கூறலாமா என்று சிலர் சினங்கொள்ளக்கூடும். ஊவாத் தேயிலைக்கு உலகெங்கும் பெயருண்டு. யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றிலே பறித்த கொழுந்தின் மணத்துக்கு அயல்நாட்டார் அதிக விலை கொடுக்கின்றனர். தேநீர் தீய பானமன்று. அதனைக் குடிக்கும் நேரமே தீயது. தேயிலைச் சாயத்திலுள்ள துவர்ப்புப் பொருள்கள் கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்தைக் குடலிலே பற்றிக்கொள்கின்றன. அவ்வாறு பற்றப்பட்ட இரும்பு குருதியிற் சேராமல் வெளியேறிவிடும். உணவோடு ஒரு கோப்பை தேநீர் அருந்தினால் அவ்வுணவின் இரும்பிலே உடல் ஏற்கும் பங்கு பாதிக்கும் கீழாகக் குறைந்துவிடுவதுண்டு. அதே கோப்பையை உண்டு ஒரு மணி நேரம் கழித்து அருந்தினால் இத்தீங்கு பெரிதும் தணிகின்றது. இதற்குக் காசு ஒன்றும் செலவில்லை. கோப்பையைச் சற்றுத் தள்ளி வைத்தாற் போதும்.

இதற்கு மாறாக எலுமிச்சம்புளி, நெல்லிக்காய், கொய்யாப்பழம், பச்சை மிளகாய் ஆகியவற்றிலுள்ள விற்றமின் சி, தாவர இரும்பை உடல் ஏற்பதற்குத் துணைபுரிகின்றது. நம் இல்லங்களிலே ரொட்டிக்கு அரைக்கும் கட்டச்சம்பலிலே மிளகாயும் வெங்காயமும் மாசிக்கருவாடும் எலுமிச்சம்புளியும் சேர்கின்றன அல்லவா? அந்தச் சம்பலிலே உள்ள நன்மையைப் பக்கத்திலே இருக்கும் சாயத்தண்ணீர்க் கோப்பை கெடுத்துவிடுகின்றது.

பெண் பிள்ளைகளுக்கு இது மிகவும் இன்றியமையாத செய்தி. மாதந்தோறும் குருதி இழப்பினாலே அவர்களுக்கு ஆண்களினும் அதிக இரும்பு வேண்டும். வீட்டிலோ பெண்ணுக்குக் கிடைப்பது கடைசிப் பங்கு. முட்டை ஒன்றிருந்தால் அஃது அண்ணனுக்கோ தம்பிக்கோ போய்விடும். பருவமெய்திய பெண்ணின் குருதியிலே ஒரு டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைவாக ஈமோகுளோபின் இருப்பின் அதனைக் குருதிச்சோகை என்பர் மருத்துவர். மேட்டிலே ஏறும்போது மூச்சு வாங்குதல், கண்ணிமையின் உட்புறம் வெளுத்திருத்தல், எப்பொழுதும் கை குளிர்ந்திருத்தல், படித்தது மனத்திலே நில்லாமை என்பன அதன் அடையாளங்கள். இவ்வாறான பிள்ளையைத்தான் ஆசிரியர் சிலர் சோம்பேறி என்று வகுப்பின் முன் நிறுத்தி ஏசுகின்றனர். குருதியிலே இரும்பில்லாத பிள்ளைக்கு ஏச்சினாலே நினைவாற்றல் வாராது. தோட்டங்களிலே இக்குறை பழையது. 1916ஆம் ஆண்டிலேயே றொக்பெல்லர் மன்றத்தார் இலங்கைக்கு வந்து தோட்டங்களிலே கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினர். குடலிலே ஒட்டிக் குருதியை உறிஞ்சும் அப்புழுவினாலே தொழிலாளர் வெளிறி மெலிந்திருந்தனர். இன்று மலசலகூடங்களும் பூச்சி மருந்தும் வந்து அந்நோய் பெரிதும் குறைந்துள்ளது. உணவிலே இரும்பின்மை மட்டும் பின்தங்கி நிற்கின்றது.

அப்படியாயின் என்ன உண்பது? பாலும் பழமும் இறைச்சியும் நாடோறும் உண்க என்று கூறுதல் எளிது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவானது 2021ஆம் ஆண்டில். 1,350 ரூபாவானது 2024ஆம் ஆண்டில். இடையிலே, 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில், உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டினும் நூற்றுக்கு 94 பங்குக்கு மேல் ஏறியிருந்தது. இச்சம்பளத்திலே பிள்ளைக்கு வாடகையும் பேருந்துக் காசும் கொடுக்கும் பெற்றோர்க்கு அத்தகைய அறிவுரை ஏளனமாகவே தோன்றும். ஆதலின் கையிலுள்ளதைக் கொண்டே கணக்குப் பார்ப்போம்.

ஐம்பது கிலோகிராம் எடையுள்ள ஒரு மாணவிக்கு நாளொன்றுக்கு நாற்பது கிராம் புரதமாவது வேண்டும். வளர்பருவமாதலின் சற்று மிகுந்தால் நன்று. காலையில் நூறு கிராம் மாவிற் சுட்ட ரொட்டியிலே பத்துக் கிராம் கிடைக்கின்றது. இரு வேளைக்கும் சேர்த்து இருநூறு கிராம் அரிசிச் சோற்றிலே பதின்மூன்று கிராம். ஒரு கைப்பிடி, அதாவது ஐம்பது கிராம், மைசூர்ப் பருப்பிலே பன்னிரண்டு. ஒரு முட்டையிலே ஆறு. சிறிதளவு நெத்தலிக் கருவாட்டிலே எட்டு, ஒன்பது. கூட்டிப் பாருங்கள், ஐம்பது கிராமை எட்டுகின்றது. நெத்தலியை முள்ளோடு உண்பதனாலே சுண்ணாம்புச்சத்தும் சேர்கின்றது. அதனை வறுக்குமுன் வெந்நீரிலே அலசினால் மிகையான உப்புப் போய்விடும். ஊன் உண்ணாதோர் முட்டைக்கும் கருவாட்டுக்கும் பதிலாக உலர்ந்த சோயாவையோ கடலை, பயறு, கௌபி என்பவற்றையோ கொள்ளலாம். சோயாத் துண்டுகளின் எடையிலே ஏறக்குறைய பாதி புரதமே.

அறையிலே அடுப்பு மூட்ட வீட்டுக்காரர் விடுவதில்லை என்று பிள்ளைகள் முறையிடுகின்றனர். பச்சைப்பயறு முளைப்பதற்கு அடுப்பு வேண்டியதில்லை. இரவிலே நீரில் ஊறவைத்துக் காலையிலே வடித்து, ஈரத் துணியிலே கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் முளை காணும். நன்கு கழுவி, கொதிநீரிலே சற்று நேரம் இட்டெடுத்து, தேங்காய்த் துருவலும் எலுமிச்சம்புளியும் சேர்த்தால் அது நல்ல காலையுணவு. முளைக்கும் பயறிலே விற்றமின் சி புதிதாய் உண்டாகின்றது என்பது கூடுதலான நன்மை.

காய்கறியைப் பற்றி ஒரு சொல். வெலிமடைப் பகுதியிலே விளைந்த கோவாவும் போஞ்சியும் கரட்டும் கெப்பட்டிப்பொலச் சந்தையிலிருந்து பாரவண்டிகளிலே கொழும்புக்குப் போகின்றன. அருகிலிருக்கும் நம் பிள்ளைகளின் சோற்றிலே அவை அருகியே காணப்படுகின்றன. விலை மட்டும் காரணமன்று. சமைக்கும் வேளையும் பழக்கமும் காரணங்களாகும். நால்வர் கூடித் தங்கும் அறையிலே, நாளுக்கொருவர் என முறை வைத்து ஒரு கட்டுக் கீரை வாங்கினால் ஒருவர் மீதும் சுமை விழாது.

சிற்றுண்டிச்சாலையிலே எண்ணெயில் பொரித்த பண்டங்களையும் கண்ணாடிப் புட்டிகளிலே வரும் இனிப்புப் பானங்களையும் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. பரீட்சைக் காலத்திலே விழித்திருப்பதற்காக ஊக்கப்பானம் குடிக்கும் வழக்கம் மட்டும் கவலை தருகின்றது. அது களைப்பைத் தீர்ப்பதில்லை, மறைக்கின்றது. சீனியின் கணக்கையும் பார்த்தல் நன்று. கோப்பைக்கு மூன்று தேக்கரண்டியாக ஐந்து கோப்பை சாயத்தண்ணீர் குடித்தால் அறுபது கிராம் சீனி உட்செல்கின்றது. நாளொன்றுக்கு இருபத்தைந்து கிராமுக்குள் அடங்குதல் சிறந்தது என்கின்றது உலக சுகாதார நிறுவனம்.

உடற்பயிற்சியைப் பொறுத்தமட்டில், அதே நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலின்படி, பதினேழு வயது வரையுள்ளோர் நாளொன்றுக்கு அறுபது நிமிடம் உடலசைவு கொள்ள வேண்டும். பதினெட்டுக்கு மேற்பட்டோர் வாரத்துக்கு நூற்றைம்பது நிமிடமாவது விரைந்து நடத்தல் போன்றதைச் செய்ய வேண்டும். பதுளையிலே இதற்குப் பணங்கொடுத்துப் பயிற்சிக்கூடம் தேட வேண்டியதில்லை. இந்நகர் மலைகளுக்கு நடுவே கிண்ணம் போல் அமைந்தது. எந்தத் திசையிலே நடந்தாலும் ஏற்றந்தான். பேருந்திலிருந்து இரண்டு தரிப்பிடம் முன்னே இறங்கி நடந்தால் நாற்பது நிமிடம் கணக்கிலே சேரும். விடுமுறை நாளிலே துன்ஹிந்த நீர்வீழ்ச்சிக்குச் செல்லும் காட்டு வழியிலே நடந்துவரலாம். அறையிலே கயிறடித்தல், தோப்புக்கரணம், சூரிய வணக்கம் ஆகியவற்றுக்குப் பாயளவு இடம் போதும். கரப்பந்தாட்டம் 1991ஆம் ஆண்டு முதல் நம் தேசிய விளையாட்டு. ஒரு பந்தும் ஒரு வலையும் இருந்தால் பன்னிருவர் ஆடலாம். ஆனால் மாலையிலே மைதானத்தைப் பாருங்கள். ஆடுவோர் யாவரும் ஆண் பிள்ளைகள். பருவமெய்திய பெண் ஓடியாடலாகாது என்னும் எண்ணம் லயங்களிலும் நகரங்களிலும் இன்னும் மாய்ந்திலது. பெண் பிள்ளைகளுக்கென வாரத்திலே இரு மாலைகளை மைதானத்தில் ஒதுக்கி, ஆசிரியை ஒருவரையும் உடன் நிறுத்தினால், பெற்றோர் மறுப்பதில்லை என்பதைக் கண்டிருக்கின்றேன்.

நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாடசாலைக் கழிப்பறை தூய்மையாயில்லாமையால் காலை முதல் மாலைவரை ஒரு மிடறு நீரும் அருந்தாதிருக்கும் மாணவிகள் உளர். தலைவலிக்கும் சிறுநீர் எரிவுக்கும் காரணம் இதுவே. பிள்ளைக்கு அறிவுரை கூறுவதாற் பயனில்லை. கழிப்பறையைக் கழுவி, கதவுக்குத் தாழ்ப்பாளிட்டு, வாளியிலே நீர் நிரப்பி வைத்தல் அதிபர்களாகிய எங்கள் கடமை. உறக்கமும் இவ்வாறே. பதினேழு வயதுப் பிள்ளைக்கு எட்டு மணி நேரமாவது உறக்கம் வேண்டும் என்று அறிஞர் கூற, நாம் காலை ஐந்தரைக்கும் இரவு ஏழுக்கும் மேலதிக வகுப்பு வைக்கின்றோம். பகலிற் படித்ததை மூளை பதித்துக்கொள்வது உறக்கத்திலேதான்.

தோட்டத்திலிருந்து ஞாயிறு மாலை பிள்ளையை நகருக்கு அனுப்பும் தாய்மார்க்குச் சில குறிப்புகள். முறுக்கும் பிஸ்கட்டும் கட்டுவதற்குப் பதிலாக ஒரு போத்தலிலே வறுத்த கடலை, ஒரு பொட்டலத்திலே வறுத்த நெத்தலி, இன்னொன்றிலே பச்சைப்பயறு, நான்கு எலுமிச்சம்பழம், கிடைத்தால் கொய்யா ஆகியவற்றை வையுங்கள். இவை வாரம் முழுவதும் கெடாமல் இருக்கும். கொய்யாவை மட்டும் முதலில் உண்ணச் சொல்லுங்கள்.

பாடசாலையிலே வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் பலர் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் பின்னர் எறிந்துவிடுகின்றனர். வெறும் வயிற்றிலே விழுங்கினால் குமட்டும் என்பதே அவர்கள் கூறும் காரணம். உணவு உண்டபின் விழுங்கினால் குமட்டல் குறையும். தேநீரோடு விழுங்கலாகாது, எலுமிச்சம்புளி கலந்த நீரோடு விழுங்குதல் நன்று. தளர்ச்சி தீராத பிள்ளையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ அரசினர் மருத்துவமனைக்கோ அழைத்துச் சென்று குருதியைச் சோதிப்பியுங்கள். மாத்திரை உண்ணும் காலத்திலே மலம் கருநிறமாகும். அது மாத்திரையின் நிறமே. அதற்கு அஞ்சி இடையிலே நிறுத்திவிட வேண்டாம்.